டிராக்‌ஷன் விளக்கும் ஸ்டீயரிங் விளக்கும் சேர்ந்து எரியும்போது

குடும்பத்தோடு பயணம் செய்வதற்கென்று வாங்கிய எஸ்.யூ.வி.யில், சக்கரம் வழுக்குவதைத் தடுக்கும் டிராக்‌ஷன் கன்ட்ரோல் விளக்கும் ஸ்டீயரிங் விளக்கும் ஒரே நேரத்தில் எரியத் தொடங்கினால், இரண்டு பாகங்கள் ஒன்றாகக் கெட்டுவிட்டன என்றுதான் முதலில் நினைக்கத் தோன்றும். பெரும்பாலும் அப்படி இருப்பதில்லை. இரண்டு அமைப்புகளும் பொதுவாக நம்பியிருக்கும் ஏதோ ஒரு தகவல் பிழையாகியிருக்கும், அல்லது இரண்டுக்கும் போய்ச் சேர வேண்டிய மின்னழுத்தம் குறைந்திருக்கும். இதைப் புரிந்துகொண்டவர் கையில் வண்டி போய்ச் சேர்ந்தால் செலவு சிறிய தொகையோடு முடிந்துவிடும். புரிந்துகொள்ளாதவர் கையில் போனால், முன்சக்கரங்களைத் திருப்பும் ஸ்டீயரிங் ரேக்கையே புதிதாக மாற்றிவிட்டு, அந்த விளக்குகள் அணையாமலேயே வீடு திரும்பவும் நேரலாம். எங்கள் வண்டி அந்த இரண்டாவது வழியில் போக இருந்தது என்பதால், இதை விரிவாகவே எழுதிவைக்க விரும்புகிறேன்.

நாங்கள் வைத்திருப்பது முன்சக்கர இயக்கம் கொண்ட நடுத்தர எஸ்.யூ.வி. கோவையில் ஒரு கடையில் முன்பக்க டயர்கள் இரண்டையும் மாற்றி, அங்கேயே வீல் அலைன்மென்டும் செய்துகொண்டோம். அதன் பிறகு வண்டி எந்தப் பக்கமும் இழுக்கவில்லை. ஆனால் நேர்ச்சாலையில் போகும்போது ஸ்டீயரிங்கின் நடுவிலுள்ள முத்திரை சற்று இடப்புறம் சாய்ந்தபடியே நின்றது. கடையில் அதைச் சொன்னபோது, “வண்டி நேராத்தானுங்க போகுது, அது ஒண்ணும் பண்ணாதுங்க” என்று பதில் வந்தது. நகருக்குள் ஓட்டியவரை அவர் சொன்னது சரி என்றே தோன்றியது.

தேசிய நெடுஞ்சாலை 544இல் சேலம் நோக்கிப் போனபோது நிலைமை மாறியது. மழை பெய்து ஓய்ந்திருந்த சாலையில், இடப்புறமாக நீண்டு வளையும் இடங்களில், ஆக்சிலரேட்டரை அப்படியே மிதித்துக்கொண்டிருக்கும்போதே இன்ஜின் ஒரு கணம் இழுவையை விட்டது. வண்டிக்குப் பின்னால் இரு நெளிகோடுகள் வரைந்தது போன்ற அந்த மஞ்சள் விளக்கு சிமிட்டியது. கீழேயிருந்து ‘கர்ர்’ என்று பிரேக் பம்ப் இயங்கும் ஓசை வந்தது, இடது பின்சக்கரத்தை யாரோ பிடித்து நிறுத்துவது போல வண்டியின் வால்பகுதி இலேசாக இறுகியது. பெருந்துறையைத் தாண்டிய பிறகு சிமிட்டல் நின்று விளக்கு நிலையாக எரியத் தொடங்கியது, கூடவே ஸ்டீயரிங் விளக்கும் எரிந்தது. வளைவை முடித்துக் கையைத் தளர்த்தினால் தானாக நடுவுக்கு வரும் ஸ்டீயரிங், அதன் பிறகு சோம்பலாகத் திரும்பியது. பின்னிருக்கையில் குழந்தைகள் உறங்கிக்கொண்டிருக்கும்போது இப்படியொரு மாற்றம் கைக்குத் தெரிவது எவ்வளவு அச்சம் தரக்கூடியது என்பதை அனுபவித்தவர்கள் அறிவார்கள்.

இங்கே ஒன்றைத் தனியாகச் சொல்ல வேண்டும். அந்த விளக்கு சிமிட்டுவதும் நிலையாக எரிவதும் ஒன்றல்ல. சிமிட்டினால் அமைப்பு அந்த நேரத்தில் வேலை செய்துகொண்டிருக்கிறது என்று பொருள். நிலையாக எரிந்தால், பொத்தானை அழுத்தி நாமே அதை நிறுத்தியிருக்கிறோம், அல்லது அமைப்பு தன்னிடமே ஒரு குறையைக் கண்டுபிடித்துத் தன்னை நிறுத்திக்கொண்டுவிட்டது. எங்கள் வண்டியில் முதலில் தேவையற்ற வேலையும், பிறகு வேலைநிறுத்தமும் நடந்தன. வரிசை இப்படி இருந்ததே ஒரு தடயம் என்பது பிறகுதான் விளங்கியது.

முறைப்படியான சர்வீஸ் சென்டர் ஒன்றில் வண்டியை விட்டோம். பிழைக் குறியீடுகளைப் படித்தவர்கள், ஸ்டீயரிங் தொடர்பான குறியீடு ஒன்று இருப்பதைக் காட்டி, “அசெம்பிளியோட மாத்தினாத்தான் சார் சரியாகும்” என்று சொல்லி, அரை இலட்சத்தைத் தாண்டிய மதிப்பீட்டையும் கையில் கொடுத்தார்கள். டயர் மாற்றியதையும் அலைன்மென்ட் செய்ததையும் நாங்கள் சொன்னோம். அந்தத் தகவல் மதிப்பீட்டுத் தாளில் எங்கும் ஏறவில்லை.

டிராக்‌ஷன் கன்ட்ரோல் செய்யும் வேலை எளிமையானது. நான்கு சக்கரங்களிலும் உள்ள வேக உணரிகள், பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏ.பி.எஸ். அமைப்பின் கணினிக்குத் தகவல் அனுப்புகின்றன. இயக்கச் சக்கரங்களில் ஒன்று மட்டும் மற்றவற்றைவிட வேகமாகச் சுழன்றால் அது வழுக்குகிறது என்று கணினி முடிவு செய்து, அந்தச் சக்கரத்துக்கு பிரேக் பிடிக்கும், இன்ஜினின் திறனையும் குறைக்கும். அதற்கு மேல் ஒரு படி போனால், அதே மஞ்சள் விளக்கைப் பயன்படுத்தும் ஈ.எஸ்.சி. எனப்படும் நிலைத்தன்மைக் கட்டுப்பாடு. இது 1995இல் பாஷ் நிறுவனத்தின் தயாரிப்பாக மெர்சிடிஸ் எஸ் கிளாஸ் வரிசையில் முதலில் வந்தது. ஓட்டுநர் எங்கே போக விரும்புகிறார் என்பதை ஸ்டீயரிங்கின் கோணத்திலிருந்தும் வண்டியின் வேகத்திலிருந்தும் அது கணக்கிடுகிறது. வண்டி உண்மையில் எவ்வளவு வேகமாகத் திரும்புகிறது என்பதை, வண்டியின் நடுப்பகுதியில் பொருத்தப்பட்டிருக்கும் யா ரேட் சென்சாரும் பக்கவாட்டு முடுக்கத்தை அளக்கும் சென்சாரும் சொல்கின்றன. இரண்டு கணக்கும் ஒத்துப்போனால் அது அமைதியாக இருக்கும். ஓட்டுநர் கேட்ட அளவுக்கு வண்டி திரும்பவில்லை என்றால் உட்புறப் பின்சக்கரத்துக்கு பிரேக் பிடித்து வண்டியை வளைவுக்குள் திருப்பும். கேட்டதைவிட அதிகமாகத் திரும்பினால் வெளிப்புற முன்சக்கரத்தைப் பிடித்து வண்டியை நேராக்கும். வளைவில் நமக்குத் தெரியாமலேயே நொடிக்குப் பல முறை இந்த ஒப்பீடு நடந்துகொண்டிருக்கிறது.

ஆகவே, ஸ்டீயரிங் எந்தக் கோணத்தில் இருக்கிறது என்ற அந்த ஓர் எண் பிழையானால், மற்ற உணரிகள் எல்லாம் நூற்றுக்கு நூறு சரியாக இருந்தாலும் கணினியின் முடிவு தவறாகிவிடும். வண்டி நேராகப் போகும்போதே ஸ்டீயரிங் எட்டோ ஒன்பதோ டிகிரி இடப்புறம் திரும்பியிருந்தால், ஓட்டுநர் இடப்பக்கம் திரும்பக் கேட்கிறார், வண்டி திரும்ப மறுக்கிறது என்றே அது புரிந்துகொள்ளும். இடப்புற வளைவில் இந்தப் பிழை உண்மையான கோணத்தோடு கூடிவிடுவதால், வண்டி வழுக்கி வெளியே போகிறது என்று எண்ணி, உட்புறமாகிய இடது பின்சக்கரத்தைப் பிடிக்கும். எங்களுக்கு நெடுஞ்சாலையில் நேர்ந்தது இதுவேதான்.

நகருக்குள் ஏன் ஒன்றும் தெரியவில்லை என்பதற்கும் இதிலேயே விடை இருக்கிறது. ஏறத்தாழ பதினைந்து டிகிரி ஸ்டீயரிங்கைத் திருப்பினால்தான் முன்சக்கரம் ஒரு டிகிரி திரும்பும். அந்தச் சிறு கோணத்தால் வண்டி எவ்வளவு திரும்ப வேண்டும் என்ற கணக்கில் வேகமும் பெருக்கப்படுகிறது. மணிக்கு 20 கிலோமீட்டரில் இந்தப் பிழை நொடிக்கு ஒரு டிகிரி அளவிலேயே நிற்கும், கணினி அதைப் பொருட்படுத்தாது. 80 கிலோமீட்டரில் அதே பிழை அதைப்போல் சில மடங்காகிவிடும். எனவே கூர்மையான திருப்பங்களில் மெதுவாக ஓட்டும்போது தெரியாமலும், மென்மையான வளைவில் விரைவாக ஓட்டும்போது தெரிந்தும் வருகிற குறை என்றால், முதலில் கோண உணரியைச் சந்தேகிப்பதே முறை. சக்கர வேக உணரியில் கோளாறு இருந்தால் அது இப்படி வேகத்தையும் வளைவின் திசையையும் பார்த்து வராது.

மின்சார ஸ்டீயரிங்கும் இதே கோணத்தைத்தான் கேட்டு வாங்குகிறது. திருப்பம் முடிந்ததும் ஸ்டீயரிங்கை நடுவுக்குக் கொண்டுவர மோட்டார் உதவ வேண்டுமானால் நடு எது என்று அதற்குத் தெரிய வேண்டும். கோணத்தின் மீது நம்பிக்கை போனதும் அந்த உதவியை நிறுத்திவிட்டு, கைவிசையைத் தாங்கும் அடிப்படை உதவியை மட்டும் கொடுக்கும். விளக்கையும் ஏற்றும். சிறிய பிழைகளை ஓடும்போதே கற்றுத் திருத்திக்கொள்ளும் திறன் பல வண்டிகளில் உண்டு. பிழை அதன் எல்லையைத் தாண்டினால் அமைப்பு கைவிரித்துவிடும்.

நண்பர் ஒருவர் சொல்லி, சிறிய பட்டறை வைத்திருக்கும் மூத்த மெக்கானிக் ஒருவரிடம் வண்டியைக் கொண்டுபோனோம். அவர் எந்தப் பாகத்தையும் கழற்றவில்லை. டயர்களில் காற்றைச் சரிபார்த்துவிட்டு, சமதளமான இடத்தில் முன்சக்கரங்கள் நேராக இருக்கும்படி வண்டியை நிறுத்தி, ஸ்கேனரை மாட்டி, பிழைக் குறியீடுகளைத் தாண்டி உடனடி அளவீடுகளைக் காட்டும் பக்கத்தைத் திறந்தார். வண்டி அசையாமல் நின்றிருந்தது, யா ரேட் பூச்சியம் என்று காட்டியது. ஸ்டீயரிங் கோணத்தின் வரிசையில் மட்டும் ஒன்பதை ஒட்டிய ஓர் எண் நின்றது. பிறகு என்னை மெதுவாக நேரே ஓட்டச் சொல்லிப் பக்கத்தில் உட்கார்ந்து நான்கு சக்கரங்களின் வேகத்தையும் பார்த்தார். நான்கும் ஒன்றாகவே ஏறி இறங்கின. “நாலு வீலும் ஒரே மாதிரிதானுங்க சார் ஓடுது, பேட்டரியும் நல்லா இருக்குது. ஸ்டீயரிங் மட்டுந்தான் வண்டி திரும்பிக்கிட்டு இருக்குதுன்னு சொல்லுது” என்றார். நோய் என்னவென்று அதைவிடத் தெளிவாக வேறு யாரும் எனக்குச் சொன்னதில்லை.

குறை உணரியில் இல்லை, அலைன்மென்ட் செய்த விதத்தில் இருந்தது. முன்சக்கரங்கள் உட்புறமோ வெளிப்புறமோ எவ்வளவு திரும்பி நிற்கின்றன என்ற டோ அளவைச் சரிசெய்யும்போது, ஸ்டீயரிங்கை மட்டமாக நிறுத்தி, அசையாதபடி பிடிகருவியைப் பொருத்திவிட்டு, ரேக்கைச் சக்கரங்களோடு இணைக்கும் இருபக்க டை ராடுகளையும் தேவையான அளவு திருக வேண்டும். நேரத்தை மிச்சப்படுத்த ஒரு பக்கத்தை மட்டும் திருகினாலும் மொத்த டோ அளவு திரையில் பச்சை காட்டும், வண்டியும் நேராக ஓடும். ஸ்டீயரிங் மட்டும் சாய்ந்து நிற்கும். மின்னணு எதுவும் இல்லாத பழைய வண்டியில் அது கண்ணை உறுத்தும் குறையாக மட்டுமே இருந்திருக்கும். ஈ.எஸ்.சி. உள்ள வண்டியில் அது பாதுகாப்புக் குறை. அலைன்மென்ட் எந்திரத்தின் திரையில் எல்லாம் பச்சையாக இருக்கும் காகிதத்தைக் கொடுத்து வாடிக்கையாளரை அனுப்பிவைக்கும் பழக்கம் எவ்வளவு பரவலானது என்பதை நினைத்தால் எனக்குக் கவலையாகவே இருக்கிறது.

இதைவிட மோசமான குறுக்குவழி ஒன்றும் நடக்கிறது. சாய்ந்த ஸ்டீயரிங்கைத் தண்டிலிருந்து கழற்றி, ஒன்றிரண்டு பல் தள்ளி மாட்டிவிடுவார்கள். பார்வைக்கு ஸ்டீயரிங் நேராகிவிடும். தண்டிலுள்ள உணரி பழைய பிழையையே சொல்லிக்கொண்டிருக்கும், ரேக்கும் நடுவில் இருக்காது என்பதால் இடப்பக்கம் ஒரு வட்டமும் வலப்பக்கம் வேறொரு வட்டமுமாக வண்டி திரும்பும். ஏர்பேக்குக்கும் ஹாரனுக்கும் மின்தொடர்பு தரும் கிளாக் ஸ்பிரிங் என்ற சுருள் நாடா அங்கேதான் இருக்கிறது. ஸ்டீயரிங்கைக் கழற்றும்போது அது நடுநிலை தவறினால், முழுத் திருப்பத்தில் அறுந்துபோகும் ஆபத்தும் உண்டு. இப்படிச் செய்து தருவதாகச் சொல்லும் கடையிலிருந்து வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிடுவதே நல்லது.

சரியான முறையில் இரண்டு டை ராடுகளையும் திருகி ஸ்டீயரிங்கை மட்டமாக்கிய பிறகு, ஸ்கேனர் வழியாகக் கோண உணரிக்கு ஜீரோ செட்டிங் கொடுத்தார்கள். பாகம் எதுவும் மாற்றவில்லை. அதே நெடுஞ்சாலையில் திரும்ப ஓட்டிப் பார்த்தோம், எந்த விளக்கும் எரியவில்லை. அதற்குப் பிறகு அலைன்மென்டுக்குப் போகும்போதெல்லாம், இயந்திரத்தின் தாளோடு கோண உணரியின் அளவீட்டையும் காட்டச் சொல்லிக் கேட்கிறோம். ஸ்கேனர் இல்லாத கடையில் அந்த வேலையைக் கொடுப்பதில்லை.

எல்லா வண்டிக்கும் காரணம் இதுவாகவே இருக்கும் என்று நான் சொல்லவில்லை. இரண்டு விளக்குகளையும் ஒன்றாக ஏற்றும் இன்னொரு பெரிய காரணம் பேட்டரி. மின்சார ஸ்டீயரிங்கின் மோட்டார், நின்ற இடத்தில் முழுத் திருப்பம் திருப்பும்போது பல பத்து ஆம்பியர் மின்சாரத்தை இழுக்கும். வலுவிழந்த பேட்டரியிலும், துருப்பிடித்த எர்த் ஒயரிலும் அந்த நேரத்தில் மின்னழுத்தம் சரிய, கணினிகள் ஒவ்வொன்றாகக் குறை சொல்லத் தொடங்கும். இன்ஜின் அணைந்து சில மணி நேரம் ஓய்ந்திருந்த பேட்டரியில் 12.6 வோல்ட் அளவிலும், இன்ஜின் ஓடும்போது பொதுவாக 13.5க்கும் 14.5க்கும் இடையிலும் இருக்க வேண்டும். காலையில் முதல் ஸ்டார்ட்டில் விளக்குகள் எரிந்து, சற்றுத் தூரம் ஓடியதும் அணைந்துவிட்டால் இங்கிருந்துதான் தேடலைத் தொடங்க வேண்டும்.

அடுத்தது சக்கர வேக உணரியின் ஒயர். அது சஸ்பென்ஷன் தூணோடு கிளிப்புகளில் மாட்டப்பட்டுக் கீழே இறங்குகிறது. ஷாக் அப்சார்பர் மாற்றியவர் ஒரு கிளிப்பை மாட்டாமல் விட்டால், ஸ்டீயரிங்கைத் திருப்பும்போதெல்லாம் ஒயர் டயரில் உரசிக் கொஞ்சம் கொஞ்சமாகத் தேயும். மழைக்காலத்தில் தேங்கிய தண்ணீரில் ஓட்டிய பிறகு விளக்கு எரிந்தால் அந்த ஒயரின் கனெக்டரைக் கழற்றிப் பச்சை பூத்திருக்கிறதா என்று பார்க்கலாம். நிறுத்திவைத்த வண்டியில் எலி கடித்த ஒயரும் நம் ஊரில் மிகச் சாதாரணம். வீல் பேரிங் மாற்றியபின் விளக்கு எரியத் தொடங்கினால், பேரிங்கின் ஒரு பக்கத்தில் மட்டும் இருக்கும் காந்த வளையத்தை உணரிக்கு எதிர்ப்புறமாக வைத்து அழுத்திவிட்டார்களா என்று கேட்க வேண்டும். பிரேக் மிதியின் மேலுள்ள சிறு ஸ்விட்ச் கெட்டுப்போய், பிரேக் விளக்கும் ஒழுங்காக எரியாமல், ஈ.எஸ்.சி. விளக்கும் எரிவதுண்டு. விலை குறைந்த பாகம் அது.

டயரைப் பற்றியும் சொல்ல வேண்டும். 215/60 ஆர்17 அளவுள்ள புதிய டயரின் விட்டம் ஏறத்தாழ 690 மில்லிமீட்டர். மேற்பரப்பு ஆறு மில்லிமீட்டர் தேய்ந்தால் விட்டத்தில் 12 மில்லிமீட்டர் குறையும், அதாவது 1.7 சதவீதம். இந்த அளவு வேறுபாட்டை அமைப்பு தாங்கிக்கொள்ளும். அளவே வேறான டயர்களை முன்னும் பின்னும் போட்டால் ஏ.பி.எஸ். கணினி அதை வழுக்கலாக எண்ண இடமுண்டு. நான்கு சக்கர இயக்கம் கொண்ட வண்டியில் அது முன்பின் சக்கரங்களை இணைக்கும் கிளட்சையும் தேய்க்கும்.

குறியீடுகளில் யூ0126 என்று வந்தால் ஸ்டீயரிங் கோண உணரியிடமிருந்து தகவலே வரவில்லை. யூ0131 என்றால் பவர் ஸ்டீயரிங் கணினியும், யூ0121 என்றால் ஏ.பி.எஸ். கணினியும் பதில் சொல்லவில்லை. இவை எந்தப் பாகம் செத்தது என்று சொல்வதில்லை, யாருடைய குரல் கேட்கவில்லை என்று மட்டுமே சொல்கின்றன. ஒயர், கனெக்டர், ஃபியூஸ், மின்னழுத்தம் ஆகியவற்றைப் பார்த்த பிறகே பாகத்துக்குப் போக வேண்டும்.

விளக்கு எரிந்தாலும் வண்டி ஓடத்தானே செய்கிறது என்று விட்டுவிடுவோர் பலர். எஸ்.யூ.வி. வைத்திருப்போர் அப்படி விடக் கூடாது. உயரமும் எடையும் கூடிய இந்த வண்டிகளில்தான் ஈ.எஸ்.சி.யின் பயன் மிக அதிகம். அதைக் கட்டாயமாக்கும் விதியை 2007இல் வெளியிட்ட அமெரிக்க நெடுஞ்சாலைப் பாதுகாப்பு நிர்வாகம், வேறு வண்டியோடு மோதாமல் தனி வண்டியாகச் சிக்கும் விபத்துகள் கார்களில் 34 சதவீதமும் எஸ்.யூ.வி.க்களில் 59 சதவீதமும் குறையும் என்று மதிப்பிட்டது. கவிழும் விபத்துகளைப் பொறுத்தவரை எஸ்.யூ.வி.க்களுக்கு அந்த மதிப்பீடு 84 சதவீதம். 1997இல் சுவீடனில் ஒரு வாகன இதழ் நடத்திய திடீர் விலகல் சோதனையில் மெர்சிடிஸ் ஏ கிளாஸ் கவிழ்ந்த பிறகு, அந்நிறுவனம் அந்தச் சிறிய காருக்கும் ஈ.எஸ்.சி.யைப் பொதுவாகவே பொருத்தத் தொடங்கியது. இந்தியாவில் வண்டிகளின் பாதுகாப்புக்கு நட்சத்திரம் தர 2023இல் தொடங்கிய பாரத் என்கேப் மதிப்பீட்டில் மூன்று நட்சத்திரமோ அதற்கு மேலோ பெற ஈ.எஸ்.சி. இருந்தாக வேண்டும். நட்சத்திரத்தைப் பார்த்து வண்டி வாங்கிவிட்டு, அந்த நட்சத்திரத்துக்குக் காரணமான அமைப்பு மாதக்கணக்கில் அணைந்து கிடக்கும்படி ஓட்டுவது பணத்தையும் பாதுகாப்பையும் சேர்த்து இழப்பதாகும்.

உண்மையிலேயே பாகம் கெடுவதும் உண்டு. 2014 மே மாதத்தில் ஃபோர்டு நிறுவனம், 2008 முதல் 2011 வரையிலான எஸ்கேப், மெர்க்குரி மாரினர் ஆகிய எஸ்.யூ.வி.க்களில் 9 இலட்சத்துக்கும் மேற்பட்டவற்றை வட அமெரிக்காவில் திரும்ப அழைத்தது. ஓட்டுநரின் கைவிசையை அளக்கும் முறுக்கு உணரியில் இருந்த குறையால் ஸ்டீயரிங்குக்கான மின்சார உதவி நின்றுபோக வாய்ப்பிருந்தது. அப்படி நின்றாலும் கைக்கும் சக்கரத்துக்கும் இடையேயான இரும்புத் தொடர்பு அறுவதில்லை. வேகமாகப் போகும்போது இரு கைகளாலும் அழுத்திப் பிடித்தால் வண்டி சொன்னபடி கேட்கும். மெதுவாகத் திருப்பும்போதுதான் மிகவும் கனக்கும். இது முன்கூட்டியே தெரிந்திருந்தால், அந்த நேரத்தில் பதற்றத்தில் கையை விடாமல் ஓரங்கட்ட முடியும்.

விளக்கை மட்டும் நம்பியிருக்க முடியாத குறையும் இருக்கிறது. 2024 அக்டோபரில் ஹோண்டா நிறுவனம் அமெரிக்காவில் சிஆர்-வி எஸ்.யூ.வி.யும் சிவிக் காரும் உட்பட ஏறத்தாழ 17 இலட்சம் வண்டிகளைத் திரும்ப அழைத்தது. ஸ்டீயரிங் கியர்பெட்டியிலுள்ள வார்ம் வீல் என்ற பற்சக்கரத்தில் உராய்வு கூடி, ஸ்டீயரிங் ஒட்டிக்கொள்வது போலாவதே அங்கே குறை. அதற்கான ஸ்பிரிங்கை மாற்றுவதும் கிரீஸைச் சரிசெய்வதும் தீர்வாக அறிவிக்கப்பட்டன. உணரியும் கணினியும் மோட்டாரும் ஒழுங்காக இயங்கிக்கொண்டிருக்கும்போதே நேரக்கூடிய குறை என்பதால், இதற்கு விளக்கு எரியும் என்று காத்திருக்க முடியாது. நெடுஞ்சாலையில் நேராகப் போகும்போது, ஒரு மயிரிழை அளவு திருத்தம் செய்ய ஸ்டீயரிங்கைத் தொட்டால் முதலில் அசைய மறுத்து, பிறகு தேவைக்கு அதிகமாகத் தாவுவதாகக் கைக்குத் தெரியும். பட்டறையில் வண்டியைத் தூக்கிவைத்துச் சக்கரத்தைத் திருப்பிப் பார்ப்பவருக்கு இது பிடிபடாமல் போகலாம். ஆகவே வண்டியை விட்டுவிட்டு வராமல், மெக்கானிக்கைப் பக்கத்தில் உட்கார வைத்து நெடுஞ்சாலை வேகத்தில் சற்று நீண்ட தூரம் ஓட்டி, அதன் பிறகு அவர் கையில் ஸ்டீயரிங்கைக் கொடுத்து அதே வேகத்தில் ஓட்டச் சொல்ல வேண்டும்.